பத்து நாள் நிறம்

மே மாதத்து ஐந்தே கால்.
வேலூரில் காற்று ஓசியாய்க் கிடைக்கிற ஒரே நேரம்.
நேத்தன் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு
ஹாரனை அமுக்கத் துடிக்கிறான். பின்னால் பெர்சிஸ்
என் முதுகில் கன்னம் வைத்து
மிச்சத் தூக்கத்தைத் தூங்குகிறாள்.
சத்துவாச்சாரியிலிருந்து மைதானம் வரை
முழுசாய் விழித்திருப்பவன் நான் ஒருவன்தான்.

முதல் நாள் வண்டி கிளம்பவில்லை.
முப்பத்தொரு உதை. எண்ணினேன்.
போய்ச் சேர்ந்தபோது பதினேழு மட்டையும் தீர்ந்திருந்தது.
பிள்ளைகளோ இருபத்துமூன்று.
யாரும் தொடாமல் கிடந்தது கோல்கீப்பர் மட்டைதான்.
"இன்னாம்மா, கோலுக்குப் போறியா?" என்றார் கோச் துளசிங்கம்.
போனாள்.
ஆக, அவளைக் கோல்கீப்பர் ஆக்கியது
என் ஸ்கூட்டரின் கிக்கர்.
வீட்டில் அதைத் திறமை என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

முப்பத்தாறு வருஷம்
பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவன் நான்.
மற்றவர் கண்ணுக்குப் பிள்ளைகள் ஓடுகிறார்கள்.
எனக்குத் தெரிவதெல்லாம்
ஜல்லித் தரையில் இருபத்துமூன்று ஜோடி முன்னங்காலெலும்பு.
ஷின் கார்டு வாங்காதவர்கள் அட்டை கட்டியிருக்கிறார்கள்.
ஒருத்தன் காலில் நகைக்கடை காலண்டர்:
ரப்பர் பேண்டுக்கு மேலே முருகன், கீழே மயில்.
பெர்சிஸ் மாட்டுகிற நெஞ்சுக் கவசமோ
என் பழைய ஈயக் கோட்டுதான்.
அதே கனம். அதே அடுத்தவர் வியர்வை.

நேத்தன் ஃபார்வர்டு.
பதினோரு நாளாய்ப் பந்து அவனிடம் வரவில்லை.
முட்டை வருகிறது, தினம் ஒன்று, அவித்தது.
மஞ்சளை ஒரு செவலை நாய்க்குப் போடுகிறான்.
நாய் இப்போது அவன் ஓடுகிற பக்கமெல்லாம் ஓடுகிறது.
மைதானத்தில் அவனை மார்க் பண்ணுகிற ஒரே ஆள் அதுதான்.

பென்ஷன் புத்தகத்தில் என் பெயர் தேவசித்தம்.
இங்கே கோல்கீப்பர் தாத்தா.
டீக்கடைக்காரர் கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்,
"இன்னா கோல்கீப்பர் தாத்தா, சக்கரை கம்மியா?"

கடைசி நாள் குடியாத்தத்துப் பிள்ளைகள் வந்தார்கள்.
எல்லாரும் ஒரே நிறச் சட்டை.
அதைப் பார்த்ததிலேயே பாதி தோற்றாயிற்று.
ஐந்து கோல். மூன்றாவதற்கு நான்
விதி தெரியாமல் சத்தம் போட்டேன்.
நடுவர் கும்பிட்டார்.
நேத்தனிடம் ஒருவழியாய்ப் பந்து வந்தது.
மட்டையின் பின்பக்கத்தால் அடித்தான். விசில்.
"தொட்டேன் இல்ல?" என்று
என்னைக் கடந்து ஓடும்போது கேட்டான். நாயும் கூடவே.

அப்புறம் அந்தப் பெனால்டி கார்னர்.
பெர்சிஸ் குனிந்தாள்.
எதிரே அவளைவிட ஒரு தலை உயரமான பெண்
மட்டையைப் பின்னால் தூக்குகிறாள்.
என் வாய் தானாக முணுமுணுத்தது,
சுவரோரம் நிறுத்திவைத்த அத்தனை நெஞ்சுகளுக்கும்
சொன்ன அதே வார்த்தையை:
மூச்சை இழு. புடிச்சுக்கோ. அசையாதே.

அசைந்தாள்.
நல்லவேளை.
பந்து கையில் பட்ட சத்தம்
கோட்டை அகழி வரை கேட்டிருக்கும்.
ஆறாவது கோல் விழவில்லை. அவ்வளவுதான் நடந்தது.
தோற்ற பிள்ளைகள் ஏன் அவளைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள் என்று
குடியாத்தத்துக்காரர்களுக்கு விளங்கவில்லை.

வீட்டில், அம்மா வருவதற்கு முன், ஜன்னலோரம் கை நீட்டினாள்.
முழங்கைக்குக் கீழே கன்றிப்போய் ஒரு வட்டம்.
பந்தின் சின்னச் சின்னக் குழிகள் கூட
அப்படியே அச்சாகியிருந்தன.
அழுத்தினேன். மடக்கச் சொன்னேன், திருப்பச் சொன்னேன்.
எலும்புக்கு ஒன்றுமில்லை.

"எத்தனை நாள் இருக்கும் தாத்தா?"
நீலம் மூணு நாள், பச்சை நாலு நாள்,
அப்புறம் மஞ்சள். பத்து நாளில் போயே போய்விடும்.
காலண்டரைப் பார்த்தாள்.
பள்ளிக்கூடம் திறக்கப் பன்னிரண்டு நாள்.
"ரெண்டு நாள் ஜாஸ்தி வைக்க முடியாதா?"

எப்போ ஆறும், எப்போ ஆறும் என்று கேட்டவர்களுக்கே
பதில் சொல்லிப் பழகிய வாய் இது.
கொஞ்சம் யோசித்தேன்.
ஐஸ் வைக்காதே என்றேன்.