ஐம்பதுக்கு இரண்டு மாதம் குறைவு

வஜ்ரவேல் விரல்விட்டு எண்ணிவிட்டுச் சொன்னார்:
"இன்னும் வயசாகலைங்க உங்க வண்டிக்கு."
கந்தம்பட்டி ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக் குடையின் கீழ்
என் ஆர்.சி. புத்தகத்தை
அதற்கு வலித்துவிடாமல் பிரித்து வைத்திருந்தார்.
ஸ்டாண்டர்டு கெஸல். நிறம் நீலம் என்று எழுதியிருந்தது.
முதல் பதிவு: டிசம்பர் பதினொன்று, எழுபத்தைந்து.
இன்று அக்டோபர் ஒன்பது.

ஐம்பது முடிந்தால் விண்டேஜ்.
முடிகிற வரைக்கும்
எஃப்.சி. செத்த இரும்பு,
ரோட்டில் பார்த்தால் தூக்கிவிடுவார்கள்.
"ரெண்டு மாசம் யார் கண்ணுலயும் படாம வெச்சிருங்க,
அப்புறம் மரியாதை தானா வந்துரும்."

நம்பர்?
பழையதே இருக்கலாமென்று ரூல் சொல்கிறதாம்.
டி.என்.எம். என்று ஒரு வரிசை இருந்ததைக்
கம்ப்யூட்டர்தான் நம்ப மாட்டேனென்கிறதாம்.
போன வருஷம் ஒரு படிவம், இந்த வருஷம் வேறொன்று.
"நாளைக்கு என்ன சொல்லுவாங்களோ,
மாறுறதுக்குள்ள போட்றலாம்."
மாறுவதால்தான் தன் வீட்டில் அடுப்பெரிகிறது என்று
அவரே சொல்லிச் சிரித்தார்.

பேனாவை மூடும்போது கேட்டார்:
"எஞ்சின் ஒரிஜினல்தானே?"

நான் டீயைக் குடித்து முடித்தேன்.

எண்பத்து மூன்றில் மலையில் மழை இல்லை.
நாகலூர்த் தோட்டத்தில்
என் மாமனார் இருதயசாமி எஞ்சினைக் கழற்றிப்
பம்பு ரூமில் பூட்டினார்.
செடி பிழைத்தது.
மறுவருஷமே மழை வந்தது,
எஞ்சின்தான் திரும்பி வரவில்லை.
காருக்குள் இப்போது இருப்பது
ஏதோ ஒரு வேனின் எஞ்சின். வைத்தது நான்தான்.

"பென்சில் பிரிண்ட் எடுத்துட்டு வாங்க, பார்க்கலாம்."

பம்பு ரூமில் குந்தி உட்கார்ந்தேன்.
நாற்பத்திரண்டு வருஷ கிரீஸை
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து
காகிதத்தை அழுத்தி
பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கத் தேய்க்கக்
கருப்புக்குள்ளிருந்து வெள்ளையாய்
எண்கள் எழுந்து வந்தன.
ஐந்தா எட்டா என்று தெரியாத ஒன்றைத் தவிர
எல்லாம் ஆர்.சி.யில் இருப்பவை.

ஆனால் டிசம்பரில்தான் பழம் சிவக்கும்.
பல்பருக்குத் தண்ணீர் நின்றால்
ராத்திரிக்குள் புளித்துத் தோட்டமே நாறும்.
டிசம்பரில்தான் இதற்கும் வயதாகிறது.
"பம்புக்கு ஒருநாள் லீவு குடுங்க,
சம்பளம் பிடிக்காதீங்க" என்றான்
அல்லிமுத்து, ஸ்பானரைத் துடைத்தபடி.

பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை.
இருபது கொண்டை ஊசி வளைவும்
தன் எஞ்சினோடு இறங்கியது கார்.
வஜ்ரவேல் ஒரு மாலை வாங்கி வைத்திருந்தார்.
கழற்றச் சொன்னார் இன்ஸ்பெக்டர் அங்கயற்கண்ணி.
டார்ச் அடித்துக் குனிந்து பார்த்து
"எட்டு" என்றார்.
அது எட்டு ஆனது.

"எதுக்கு ஓட்டுவீங்க? தினசரி ஓட்டக் கூடாது.
கண்காட்சி, பேரணி, பெட்ரோல், ரிப்பேர், அவ்வளவுதான்."
கண்காட்சிக்கு என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
யூஜினா இருதயசாமி.
தண்ணீர் இறைப்பது பட்டியலில் இல்லை.

திரும்பி ஏறும்போது பதினான்காவது வளைவில்
ஆவி கக்கி நின்றுவிட்டது.
சுவரோரம் ஒதுக்கினோம்.
குரங்குகள் இறங்கி வந்து
கண்ணாடியில் முகம் பார்த்தன.
ஆறட்டும் என்று அரைமணி நேரம் நின்றோம்.
பிறகு அல்லிமுத்து மூடியைத் துணி சுற்றித் திறந்தான்.

மலை முழுக்கத் தண்ணீர் கொடுத்தது
ஒரு கேன் தண்ணீர் கேட்டது.
ஊற்ற ஊற்றக்
கடகடவென்று குடித்துக்கொண்டே இருந்தது.

மேலே, தொட்டியருகே,
பழத்தைக் கொட்டிவிட்டு
எல்லோரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.