செவ்வாய்க்கிழமைப் பை

அஞ்செட்டியில் இறங்கியபோது
நடத்துநர் கேட்டார்: "சர்வேயா?"
டீக்கடையில்: "கொசு மருந்தா?"
ஓடைக்கு அப்பால் ஆடு ஓட்டியவர்
என்னைக் கேட்கவில்லை.
கன்னடத்தில் ஆட்டிடம் ஏதோ சொன்னார்.
ஆடு திரும்பிப் பார்த்தது.

மார்கழிக்கு முந்திய வாரம்.
கேவுரு அறுப்புக்குத் தலை சாய்ந்திருந்தது.
சாலுக்குச் சால் நடுவே அவரை;
பனி இறங்கினால்தான் அதற்கு மணம்.
மரத்து உச்சியில் ஒரு பரண்,
பரணில் ஒரு தகர டப்பா,
தட்டுவதற்கு அறுந்த சைக்கிள் செயின்.
யானைக்கான ஏற்பாடு.
வழியில் நேற்றைய லத்தி கிடந்தது,
உள்ளே செரிக்காத கேவுரு,
யார் வீட்டுக் களியோ.

பையின் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டேன்.
பதினோரு கிலோ. சாம்பல் நிறம்.
இருட்டில் மின்னும் பட்டை.
ஓசூரில் வாங்கியது.

கெம்பனூர் என்ற பலகையில்
முதல் எழுத்து மட்டும் துருவுக்குத் தப்பியிருந்தது.
ஊர் என்றால் பதினெட்டு வீடு.
முதல் வீட்டை நான் தாண்டுவதற்குள்
நான்காம் வீட்டுக் கதவு சாத்தியது.
ஆறாம் வீட்டில் டிவி வாயை மூடியது.
கொள்ளு புடைத்துக்கொண்டிருந்த ஒருத்தி
முறத்தை அப்படியே போட்டுவிட்டுச்
சந்துக்குள் மறைந்தாள்.

தண்ணீர் கேட்கலாம் என்று நின்ற வாசலில்
கைகளை விரித்துக் கதவை அடைத்துக்கொண்டு
ஒரு பையன்.
நான் வாய் திறக்குமுன் சொன்னான்:
"அம்மா ஊருக்குப் போயிருக்குது."
உள்ளே பானையில் களிக்கோல் சுற்றும் சத்தம்.
பிறகு அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"எந்த ஊருக்கு?"

அதை அவனுக்குச் சொல்லித் தரவில்லை.
உள்ளே திரும்பிப் பார்த்தான்.

குழாயடியில் உட்கார்ந்தேன்.
என்ன தோன்றியதோ, பையைக் கவிழ்த்தேன்.
கூடாரம், போர்வை, ஈரக் காலுறை இரண்டு ஜோடி,
தலையில் மாட்டும் விளக்கு,
எதற்கும் இருக்கட்டும் என்று தம்பி திணித்த மாத்திரைகள்,
பாதி கடித்த கடலை மிட்டாய்.
ரசீதுப் புத்தகம் இல்லை.
கைரேகை மிஷின் இல்லை.

கதவு நான்கு விரல் திறந்தது.
முதலில் ஒரு பாதம், பிறகு முனிரத்னம்மா,
கையில் களிக்கோலோடு.

"தவணைக்காரர் இல்லிங்களா நீங்க?"
"இல்லைங்க."
"அவரும் இதே பைதான்.
செவ்வாய் செவ்வாய் வருவாரு."
"இன்னைக்கு…"
"செவ்வாய்தான்."

பத்துப் பேர் குழு.
ஒருத்தி கட்டாவிட்டால்
ஒன்பது பேர் அவள் வாசலில் நிற்க வேண்டும்.
போன வாரம் தக்காளி நாலு ரூபாய்,
பறித்த கூலிக்கே காணவில்லை.
"அதான் இந்த வாரம்
பத்துப் பேருமே ஊருக்குப் போயிட்டோம்"
என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
எதிர்வீட்டில் டிவி மறுபடி பேசியது.

"சரி, நீங்க எதுக்கு வந்தீங்க?"
"சும்மா. நடந்து ஊர் பார்க்க."
"பார்த்தாச்சா?"

களி விரலைச் சுட்டது.
அவரைக் குழம்பில் குழி பறித்து ஆற்றினேன்.
தருணேஷ் என் விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு
பட்டப்பகலில் யானை விரட்டினான்.
பையைத் தூக்கிப் பார்த்து அவள் கேட்டாள்:
"இது என்ன விலை?"
"எண்ணூறு" என்றேன்.
ஆறாயிரத்து இருநூறு.
பன்னிரண்டு தவணை, இன்னும் மூன்று பாக்கி.

கிளம்பும்போது
மகளின் பள்ளிக்கூட ரிப்பனை,
சிவப்பு, ஓரம் நூல் பிரிந்தது,
வாரில் முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.
"மேலூர்லயும் ஆளுங்க இருக்காங்க.
பயப்படுவாங்க."

இரண்டாவது மேட்டில் மோட்டார் சைக்கிள் ஒன்று
என்னருகே நின்றது.
மீசை இன்னும் சரியாக முளைக்காத முகம்,
வெயிலில் உரிந்த மூக்கு,
மார்பில் சாம்பல் பை.
என் பாட்டிலை வாங்கிப் பாதி குடித்தான்.
ரிப்பனைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

"கெம்பனூர்ல ஆளுங்க இருக்காங்களா சார்?"
"ஊருக்குப் போயிருக்காங்க."
"எந்த ஊருக்கு?"

திரும்பிப் பார்த்தேன்.
பரண் மட்டும் தெரிந்தது.