மீட்டர் முள்

எல்லாக் குழாயும் மூடியாயிற்று.
மீட்டரின் சிவப்பு முள் மட்டும்
நகர்ந்துகொண்டே இருக்கிறது.

வால்பரைசோ குன்றில் இரவு இரண்டு மணி.
ஃபிரிட்ஜையும் அணைக்கச் சொன்னேன்.
இரும்புக் கம்பியின் ஒரு முனை சுவரில்,
மறுமுனை என் காதில்.
சமையலறையில் ஒன்றுமில்லை.
கூடத்தில் மேல்வீட்டுக்காரரின் இருமல்.
குளியலறையில், பச்சை டைல்ஸுக்குப் பின்னால்,
யாரோ பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவதுபோல்
ஸ்ஸ்ஸ்.

சாக்பீஸால் ஒரு வட்டம். பிறகு உளி.
நான்கு டைல்ஸ் போயின, ஐந்தாவதில் விரிசல்.
உள்ளே செம்புக் குழாயைச் சுற்றி
சைக்கிள் டியூப்,
மேலே ஷூ லேஸ் முடிச்சு.

வீட்டுக்காரி எதுவிகிஸ் டார்ச்சோடு குனிந்தாள்.
"பிளம்பருக்கு நாற்பதாயிரம் பெசோ
கொடுத்தேன் என்றாரே நிபால்டோ!"
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அந்த வருஷம்தான் அக்கார்டியன் வந்தது."

சிரிப்பில் வெளிச்சம் எங்கெங்கோ ஓடியது.
அசையாமல் பிடி என்றேன்,
ஓட்டையைக் கட்டைவிரலால் பொத்தியபடி.