துணைக்கால்

மூன்று மொழியிலும் வரவேண்டும் சுற்றறிக்கை.
தமிழ்ப் பிரதி என் பொறுப்பு.
படைத்துறைக் காரியாலயங்களில்
சீருடை இல்லாமல் இருந்தெழுதும் எழுதுவினைஞருக்கு
எந்தத் தரம், எத்தனையாம் படி,
ஆண்டேற்றம் எவ்வளவு என்று
குழுவொன்று எட்டு மாதமாய்க் கூடிற்று,
மின்விசிறி மட்டும் வேலைசெய்யும் அறையில்,
பேர வாவியின் நாற்றம் யன்னலால் வர வர.

கல்விக்கு நாற்பது புள்ளி.
அனுபவத்துக்கு முப்பது.
பாரம் தூக்க ஐந்து.
பிழை நேர்ந்தால் விளையும் நட்டத்துக்குப் பதினைந்து;
நட்டம் ரூபாவில் காட்டப்படல் வேண்டும்.
மிச்சத்தை மறந்துபோனேன்,
மொழிபெயர்த்தவன் நான்தான்.

கள ஆய்வு என்று கொம்பனித்தெருவுக்குப் போனோம்.
மூன்றாம் மாடி, ஆவணப் பிரிவு,
பதினோராம் மேசை: திருமதி கிச்சிலான்.
மலாய்க்காரி. இருபத்திரண்டு வருட சேவை.
வீடுகளுக்கு அறிவித்தல் கடிதம் அடிப்பது அவர் வேலை.
இலக்கம், பெயர், திகதி, இடம்,
"ஆழ்ந்த கவலையுடன்".
அந்த வரி ஏற்கெனவே அச்சில் இருக்கும்.

தெனிப்பிட்டிய நிறுத்தற்கடிகாரத்தை அமத்தினான்.
அவர் அடித்தார். விலாசத்தில் நின்றார்.
பதிவேட்டை இழுத்து
இலக்கத்தைப் பென்சில் நுனியால் எண்ணினார்.
இன்னொரு தரம். இன்னொரு தரம்.
லாச்சியைத் திறந்தார். ஒன்றும் எடுக்கவில்லை. மூடினார்.
நாலு நிமிடம் பத்து விநாடி
என்று தெனிப்பிட்டிய குறித்த நிரலுக்கு
"சும்மா இருந்த நேரம்" என்று எழுதிப் பார்த்தேன்,
வெட்டினேன்.
"வேலையற்ற நேரம்" என்றது சொற்கோவை.
அப்படியே போட்டேன்.

"ஏன் மூன்று தரம்?" என்றேன் தமிழில்.
தமிழ் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.
"ஒருக்கா ஒரு ஏழு ஒண்டாப் போச்சு, சேர்.
கடுதாசி வேற வீட்டுக்குப் போயிட்டு.
பதினாறு நாள் அழுதிருக்காங்க.
பொறகு பொடியன் லீவுல வந்து
வாசல்ல நிண்டானாம்.
மத்த வீட்டுல அந்தப் பதினாறு நாளும்
அவனுக்குக் கலியாணப் பேச்சு."

குழுவுக்குச் சொன்னேன்.
தலைவர் விமலகுணரத்ன நல்ல மனிதர்,
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
பிறகு, "ரூபாவில்?" என்றார்.
இரண்டாம் கடிதத்தின் தபாற்செலவு:
மூன்று ரூபா ஐம்பது சதம்.
பதினைந்தில் ஒரு புள்ளி.
கீழ்மாடியில் சப்பாத்துக் கணக்கெழுதுபவருக்கு ஒன்பது.
சப்பாத்துக்கு விலை இருக்கிறது.

ஆவணப் பிரிவு மூன்றாம் தரம் என்று முடிந்தது.
அச்சாகிப் போய் ஒரு கிழமை
தொலைபேசி வந்தது.
சம்பளத்துக்குத்தான் என்று
ஆறுதல் வசனமொன்றைத் தயாராக்கிக்கொண்டு எடுத்தேன்.

"நாலாம் பக்கம் பாருங்க, சேர்.
'பாடை ஆவணப் பிரிவு' எண்டிருக்கு.
ஒரு கால் கூடிப் போச்சு."
எங்கள் ஊரில் அதை அரவு என்போம்.
அவர் படித்த பள்ளியில் கால்.
"எங்கட பைல்ல எல்லாம்
கால் குறையிறதுதான் வழமை" என்றார்.
சிரித்தாரா, தெரியவில்லை.
இரைச்சல் லைன்.

அந்தக் கட்டடத்தில்
தமிழ்ப் பிரதியை வாசிக்க அவர் ஒருவர்தான்.
பிழையோடு கிடந்தாலும் கேட்பாரில்லை.

என்றாலும் திருத்தம் எழுதினேன்:
பக்கம் நான்கு, பந்தி ஒன்பது,
"பாடை" என வருமிடத்து
"படை" என வாசிக்கவும்.

எழுதியதை எண்ணிப் பார்த்தேன்.
இன்னொரு தரம்.
ஒப்பமிட முன்
லாச்சியைத் திறந்தேன்,
மூடினேன்.