செவ்வாய், பதினொன்று பத்து

மொண்டேவிதேயோவில் ஜூலை வெயில் மகா கஞ்சன்.
பதினொரு மணிக்கு வந்து
மூன்றரைக்குள் கடையைக் கட்டிவிடும்.
ஏழு வருஷம் நான் அதைப் பார்த்தது
ஆடிட்டர் ஆபீஸின் தடித்த கண்ணாடி வழியாக,
பழைய ரசீதின் நிறத்தில்.

இப்போது ஆற்றோரச் சுவரில் சம்மணமிட்டிருக்கிறேன்.
அக்குளில் வெந்நீர்க் குடுவை,
கையில் கசப்பாக மாத்தே.
மடியில், மாத்திரைப் பெட்டிக்குள்
எட்டாக மடித்து வைப்பார்களே, அந்தத் தாள்:
பக்கவிளைவுகள், பத்தி நான்கு.

தூண்டிலோடு நின்ற வாஷிங்டன் கேட்டார்:
"லீவா, நெலிடா?"
"இல்லை. வேலை நேரம்."
கழற்றிப் போட்ட என் பூட்ஸை
ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மயக்கமும் இல்லை, தலைசுற்றலும் இல்லை,
இரண்டுக்கும் நடுவில் ஒரு தள்ளாட்டம்;
அதற்கான சொல்
ராத்திரி முழுக்க மேஜையில் வரவில்லை.
அவர் இழுத்துப் போட்ட மீன்
கல்லில் துள்ளியபோது வந்தது.
பில்லில் அந்த மீனையும் சேர்க்கலாம்தான்.

பணம் வர இரண்டு மாதம் ஆகும்,
பெர்ன் நகரத்துக் கம்பெனி என்றால் மூன்று.
என் முதலாளியோ நானே.
கேட்குமுன் லீவு கொடுப்பாள்,
நடுராத்திரி எழுப்பியும் விடுவாள்.
இன்றைக்கு நல்ல மனநிலையில் இருக்கிறாள்,
தொந்தரவு செய்யவேண்டாம்.

பேருந்து ஒன்று சிக்னலில் நிற்கிறது.
ஜன்னலோரம் டை கட்டிய ஒருவன்
கண்ணை மூடி
வெயிலுக்கு முகத்தைக் கொடுத்திருக்கிறான்,
பச்சை விழும்வரைக்கும்.

என்னையறியாமல்
சுவரில் கொஞ்சம் தள்ளி உட்கார்கிறேன்.