மூணு

ஜெலுத்தோங்கில் காப்பிக்கடைக்கு மேல் வாடகை அறை.
மின்விசிறியை நிறுத்தினால்தான்
பதிவில் அவர் குரல் கேட்கும்.
நிறுத்திவிட்டு வியர்க்கிறேன்.

ஆற்றுப்படுத்தல் முதுகலை, இரண்டாம் பருவம்.
பாடத்தின் நிபந்தனை: உன் வேலையை நீயே ஆராய்.
அடுத்தவர் பிழைகளுக்கு நூலகத்தில்
அலமாரிகள் நிறைய உண்டு,
உன் பத்து நிமிடத்தைக் கொண்டு வா.

பத்து நிமிடத்தை எழுத
ஆறு மணி நேரம் ஆனது.
என் ‘ம்’களை எண்ணினேன், நாற்பத்தொன்று.
‘ஆனா’ ஏழு.
அவர் மூச்சு இழுத்த இடங்களிலெல்லாம்
பேருந்தில் துண்டு போட்டதுபோல்
நான் முந்தி உட்கார்ந்திருந்தேன்.

அவருக்கு பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட்.
ஆய்வில் என்ன பெயர் போடலாம் என்றதற்கு
“ஃபெரின்னு போடுங்க மிஸ்.
போயிட்டே இருக்கும், எங்கயும் போகாது.”
சிரித்தோம்.
ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்து
கட்டத்தைத் தாண்டி வழிந்தது.

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள
இப்ப எங்க நிக்கிறீங்க?
“மூணு.”

ஏன் பூஜ்யம் இல்லை என்று கேட்டிருக்க வேண்டும்.
நான் கேட்டது,
“நாலுக்குப் போக என்ன செய்யலாம்?”
பிரச்சினையைத் தோண்டாதே, தீர்வைத் தேடு
என்று படித்திருந்தேன்.
தேடவில்லை, பாய்ந்தேன்.

என் கேள்விக்கு அடியில் ஏதோ சொல்கிறார்,
துவைத்த சட்டைப் பையில்
மறந்த சில்லறைபோல்.
ஒன்பது முறை ஓட்டியபின் எழுதினேன்:
“நாய்க்கு… வச்சேன்.”

புதன்கிழமைக் குழுவில் தாளை நீட்டினேன்.
குணசீலன் மேசையைத் தட்டினான்.
ஹுய் மின், அர்த்தம் சொன்னதும்,
ஓரத்தில் பச்சை மையில் ‘அக்கறை’ என்று
அவள் மொழியில் எழுதினாள்.
மூன்றாவது படியில் அவரைப் பிடித்து வைத்திருப்பது
சோறு தின்னும் ஒரு தெருநாய்!
“என்ன நிறம்?” என்றாள் அஸ்லினா.
அன்றிரவே இரண்டு பக்கம் எழுதிவிட்டேன்.
அந்த நாயை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

அடுத்த சந்திப்பில் தாளை அவரிடமே கொடுத்தேன்,
சரிபார்க்க. அதுவும் நிபந்தனைதான்.
வாசித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.
“நாய் இல்ல மிஸ். எங்க ஃப்ளாட்ல நாய் வளக்க விடமாட்டாங்க.
நாளைக்கு.
நாளைக்குன்னு தள்ளி வச்சேன்.”

எதை என்று கேட்டேன்.
சொன்னார்.

பதிவை அணைத்தேன்.
படிவத்தில் இதற்கென்றே ஒரு வரி உண்டு,
அவருக்கும் தெரியும்.
அவர் பார்க்கவே மேற்பார்வையாளரை அழைத்தேன்.
பட்டர்வொர்த்திலிருந்து அவர் தங்கை வந்து சேரும்வரை
ஒரே அறையில் இருந்தோம்.

அந்த அறையில்தான் கேட்டேன்,
“அன்னிக்கு எப்படித் தள்ளி வச்சீங்க?”

ஏர்கான் சொட்டியது.
நான் வாய் திறக்கவில்லை.
எத்தனை வினாடி என்று தெரியாது,
எண்ணுவதற்குப் பதிவு இல்லை.

“மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு.
அடுத்த ஷிஃப்ட் ஆளு லேட்டு.
அப்படியே விட்டுட்டு வர முடியுமா?
அவன் வர்றப்ப விடிஞ்சிருச்சு.”

வேற?

“அவன் ஷிஃப்ட்டுக்குப் பேர் குடுத்துட்டு ஓடி வந்தான்,
பசியாறிட்டுப் போன்னு அஞ்சு வெள்ளி திணிச்சான்.
வேணாம்னேன். கேக்கல.”

வேற?

அவர் என்னைப் பார்த்தார்.
“நீங்க விடமாட்டீங்க போல.”

இப்போது விடிகாலை நாலு.
ஆய்வுத் தலைப்பை அடித்துவிட்டேன்,
‘அளவுக் கேள்வியின் பயன்பாடு’ என்று
இஸ்திரி போட்டிருந்ததை.
புதிதாக ஒரு வரி எழுதியிருக்கிறேன்,
வழிகாட்டி ஒத்துக்கொள்வாரா தெரியாது:
அவர் பேசும்போது நான் எங்கே பேசினேன்?

கீழே காப்பிக்கடை ஷட்டர் ஏறுகிறது.
நாயின் இரண்டு பக்கத்தை அழிக்க மனம் வரவில்லை.
கடைசிப் பின்னிணைப்பில் போடுகிறேன்,
தவறாகக் கேட்டவை என்று.
பழுப்பு நிறம்.
ஒரு காது மடங்கியிருக்கும்.