ஒட்டுசுட்டானில் மொழிபெயர்த்த நாள்

நாட்கூலி ஐயாயிரம். மதியச் சாப்பாடு தனி.
வவுனியாவில் என்னை ஏற்றிய வெள்ளை வாகனம்
மாங்குளத்தில் கிழக்கே திரும்பியதும்
தூதுவர் அம்மா கண்ணாடியை இறக்கி
அது என்ன மரம் என்றார்.
பாலை, பழம் தின்றால் உதடு ஒட்டும் என்றேன்.
அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

சங்க மண்டபத்தில் இருபத்திமூன்று பெண்கள்.
கதிரை இருபத்தாறு.
அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று.
மிச்சம் இருந்ததில், வாசல் ஓரம்,
கோடு போட்ட சேட்டோடு ஒரு தம்பி.
யாரும் கூப்பிடவில்லை,
யாரும் எழுப்பவுமில்லை.
தேத்தண்ணி அவருக்குத்தான் முதலில் போனது.

தூதுவர் பேசினார்.
தன் நாட்டில் ஆறு மாதம் பனி என்றார்,
பாராளுமன்றத்தில் பாதிப்பேர் பெண்கள் என்றார்,
இனி எந்த அரசோடு எதைப் பேசினாலும்
பெண்களின் உரிமையை முன்வைத்தே பேசுவோம் என்றார்.
நான் தமிழில் சொன்னேன்:
"இவையின்ர நாட்டுக்கு இப்ப
பெண்ணிய வெளியுறவுக் கொள்கை ஒண்டு இருக்கு."
மூன்றாம் வரிசையில் யாரோ சிரிப்பை விழுங்க
அது பக்கத்துக் கதிரைக்குத் தொற்றி
முந்தானைகளுக்குள் போய் ஒளிந்தது.

வெளியுறவு.
மனுசன் காணாமற்போனவளின் படலையில்
பொழுதுபட்டபின் ஒரு மோட்டார்சைக்கிள் நின்றால்
அது வெளியுறவு.
நுண்கடன் வசூலிக்க வந்தவன்
தண்ணி கேட்டுக் குடித்தால் வெளியுறவு.
புதுக்குடியிருப்பில் தைத்துவிட்டு
கடைசி பஸ்சில் இறங்கினால், அதுவும்.

என்ன சிரிப்பு என்று தூதுவர் கேட்டார்.
சந்தோசத்தில் என்றேன்.
அன்றைய முதல் பொய்.

வசந்தரூபி எழும்பினாள்.
"அக்கா, நான் சொல்லுறத அப்பிடியே சொல்லுங்கோ.
எங்கட வெளியுறவை முதல்ல ஊர் எழுதும்.
ஊர் விட்டதை அந்தக் கதிரையில இருக்கிறவர் எழுதுவார்.
போன முறை வெள்ளைக்காரர் வந்து போய் ரெண்டாம் நாள்
என்ர கேற்றடியில நிண்டு கேட்டவர்:
என்ன தந்தவை, என்ன சொன்னனீ, இரவில ஆர் வாறது?
மூண்டும் ஒரே மூச்சில.
உங்கட நாட்டில, அம்மா,
காணி ஆற்ற பேரில?"

அவளுடைய படிவத்தை நான் பார்த்தேன்.
கணவர் என்ற இடத்தில் இரண்டு பெட்டி:
உயிருடன் உள்ளார். இறந்துவிட்டார்.
எதில் புள்ளடி போட்டாலும் பொய்க்காரி.
மடித்த இடத்தில் கிழிந்து
ஒட்டிய செலோரேப்பும் மஞ்சளாகிவிட்டது.

ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்,
கதிரையை விட்டுவிட்டு.
அந்தத் தம்பிக்கு என் வாகனத்தின் இலக்கம் தெரியும்.
ஓமந்தையில் எனக்கும் ஒரு வீடு இருக்கிறது, ஒரு மகள் இருக்கிறாள்.
வசனத்தின் நடுவில் நான் பாய்ந்த பள்ளத்தை
தூதுவர் கவனிக்கவில்லை.
வசந்தரூபி கவனித்தாள்.
ஓ.எல். வரைக்கும் படித்தவள்.
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், கோபமாக அல்ல,
சில்லறை குறைகிறது என்று
கடைக்காரனைப் பார்ப்பது போல.
பிறகு விரலை நீட்டி
"தட் செயார்" என்றாள்.

தலைகள் எல்லாம் திரும்பின.
அந்தத் தம்பி சிரித்தபடி
சீனி போடாத தேத்தண்ணியைக் கலக்கினார்.

தூதுவர் குறிப்பேட்டில் எதையோ எழுதி, வெட்டி,
மறுபடி எழுதி,
கடைசியில் சொன்ன வசனத்தை
நான் மொழிபெயர்க்கவே தேவையிருக்கவில்லை.
கச்சேரியில் கேட்டுக் கேட்டு
இருபத்திமூன்று பேருக்கும் மனப்பாடம்:
கவனத்தில் எடுக்கிறோம்.

ஆனாலும் போகும்போது
அவளுடைய படிவத்தைப் படம் எடுத்தார்,
இரண்டு பெட்டியும் தெரிய, கை நடுங்காமல்.
அது எந்த மேசைக்குப் போகும் என்று
எனக்குத் தெரியாது.

வாகனம் திருப்பும் நேரத்தில் அந்தத் தம்பி வந்தார்.
நல்ல தமிழ் அக்காவுக்கு என்றார்.
முழுப் பெயர் என்ன என்றார்.
ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்,
எழுதினார்.

கோப்பை பொறுக்க வந்த வசந்தரூபி
என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:
"ரெண்டு நாளில வருவினம், அக்கா.
கேள்வி மூண்டுதான்.
தேத்தண்ணி மட்டும் குடுத்திடாதேங்கோ."